இரண்டு பூட்டு

வைகாசி மூணாந்தேதி, உச்சிவெயில்.
வண்டியைக் கிளுவை வேலியில் சாய்த்துவிட்டுப் பார்க்கிறேன்.
கதவில் இரண்டு பூட்டு.
ஒன்று நாங்கள் ஊஞ்சவலசை விட்டுப் போன அன்று
அப்பன் போட்டது.
அதற்கு மேலே மாட்டியிருப்பது பங்காளி பொங்கியண்ணனுடையது,
பாகம் இன்னும் பிரியவில்லை என்பதற்குச் சாட்சி.
அவன் சாவி பல்லடத்தில் இருக்கிறது.
போனை எடுக்கவில்லை.

என் பூட்டைத் திறந்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
சூடான இரும்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து
அவன் பூட்டு தனியாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு
திரும்பப் பூட்டினேன்.

சன்னல் கம்பி வழியே ஆசாரம் தெரிகிறது.
தினத்தாள் ஓர் ஐப்பசியில் நிற்கிறது.
முழங்கால் உயரத்துக்குச் சுவரெல்லாம் உப்பு.
எருமை ஈன்ற தேதிகளை அப்பன் கரியில் எழுதி வைப்பார்.
"காளி, கெடாரி, ஆவணி"
அதற்குக் கீழே உப்பு தின்றுவிட்டது.

பொடக்காலியில் தலையில்லாத தென்னை பதினொன்று.
ஒன்றின் மேல் பனங்காடை.

என் பிழைப்பை இன்னும் சொல்லவில்லை.
சாயப்பட்டறை.
பதினாறு வயதில் பக்கெட் தூக்கப் போனேன்,
இப்போது மாஸ்டர்.
நேவி ப்ளூ என் கையில் பிசகாது.
அப்போதெல்லாம் இங்கிருந்துதான் ஷிப்டுக்குப் போய்வந்தேன்.
திங்கட்கிழமை ராத்திரி நான் திறந்துவிட்டது
வியாழக்கிழமை எங்கள் காட்டோரம் வரும்.
நான் பஸ்ஸில் வந்தேன்,
அது ஆற்றில் வந்தது.

"இதென்ன நெறம்டா?" என்றார் அப்பன் ஒருநாள்.
"மெரூன்" என்றேன்.
எந்த நாட்டுக்குப் போகிற துணி என்றும் சொன்னேன், பெருமையாக.
ஒரு சொம்பு மொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்குது."
அவ்வளவுதான். அதற்குப் பிறகு
நிறத்தைப் பற்றி என்னிடம் பேசவேயில்லை.

கிணற்றுமேட்டில் பழனாள், நாலு வெள்ளாட்டோடு.
"வாங்க" என்றாள்.
முன்பெல்லாம் அதோடு ஒரு "சாமி" இருக்கும்.
சேந்துகயிறு அவள் கையில்.
என் சட்டைப்பையில் எப்போதும் மீட்டர் இருக்கும்,
அவள் வாளிக்குள் விட்டேன்.
மூவாயிரத்து எண்ணூறு.
"குடிச்சராத" என்றேன்.
"ஆரு குடிக்கறா? பட்டி கழுவறதுக்குங்க."
பிறகு ஆட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
"தண்ணி நல்லா இருந்தப்ப உங்கப்பன் மேல நின்னு ஊத்துவாரு,
நாங்க கீழ நின்னு கையேந்துவம்.
இந்தக் கவுத்தத் தொட்டதில்ல.
கெட்டதுக்குப் பொறவுதானுங்
கெணறு எல்லாத்துக்கும் பொதுவாச்சு."
சிரித்தாளா தெரியவில்லை.
புகையிலை அடக்கிய வாய்.

ஊரை இழந்தவர்கள் நாங்கள் என்று
கல்யாண மண்டபங்களில் இருபது வருசமாகச் சொல்லிவருகிறேன்.
அந்த இடத்தில் குரல் தானாகக் கம்மும்.
இவள் எங்கும் போகவில்லை.
இவள் குடிசைக்கு வந்ததும் அதே வியாழக்கிழமைத் தண்ணீர்தான்.
நஷ்டஈட்டுக்காரர்கள் எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள்.
அவளிடம் ஏக்கர் இல்லை.
நாங்கள் இரண்டே முக்கால் என்று சொல்லி
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம்.

போன் அடித்தது. பொங்கியண்ணன்.
"சாவி கொண்டாரட்டுமா? ஒரு மணி நேரத்துல வந்தர்றேன்."
"வேண்டாம்டா, இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்."
"அப்ப எதுக்குப் போன அங்க?"
வெயிலில் எனக்கும் விளங்கவில்லை.

"கையக் கழுவிக்கறீங்களா, பூட்டுத் துரு அப்பியிருக்குது"
என்று வாளியைத் தூக்கினாள்.
அவள் மேட்டில் நிற்கிறாள். நான் கீழே.
குனிந்து கையேந்தினேன்.
தண்ணீரில் இப்போது நிறமில்லை,
துரு போய்விட்டது.
நகக்கண்ணில் காலையில் கலக்கிய பச்சை
போகவில்லை.
"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்ளா?"